பாக்காமலே பத்து பக்கம்

கேள்வி: டென்மார்க் நாடகக்காரர் கிறிஸ்டியான் லோலிக்கே, நார்வேயில 77 பேரைக் கொன்னவன் எழுதின அறிக்கையையே நாடகமா போட்டாராம், கேள்விப்பட்டேன். பரபரப்புக்காக எதை வேணா மேடையேத்தலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: "கேள்விப்பட்டேன்"னு எழுதினீங்க பாருங்க, நான் அங்கயே நின்னுட்டேன். அந்த நாடகத்தோட கதையே அதுதான். அந்தக் கொலைகாரன் பேர் பிரெய்விக், அவன் சுட்டது 2011 ஜூலையில, கோபன்ஹேகன்ல லோலிக்கே அப்ப நடத்தின குட்டி தியேட்டர்ல இருந்து நாடகம் வருதுன்னு அறிவிப்பு வந்தது 2012 ஜனவரியில, அப்ப கோர்ட்ல விசாரணையே ஆரம்பிக்கல. உடனே ரெண்டு நாட்டு பேப்பர்லயும் ரகளை. நாடகம் மேடைக்கு வந்தது அக்டோபர்ல! நடுவுல அத்தனை மாசம் எல்லாரும் பாக்காத நாடகத்தைப் போட்டுக் கிழிச்சாங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவங்க பார்க்காமலே கோவப்படலாம், அவங்ககிட்ட போய் முதல்ல டிக்கெட் எடுங்கன்னு சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்ல. ஆனா பத்தி எழுதுறவனுக்கு என்ன அவசரம்? இந்த பாக்காமலே பத்து பக்கம் எழுதுற ஜாதியோட எனக்கு ரொம்ப நாள் பகை, அது இங்கயும் நிறைய உண்டு, பேர் சொன்னா சந்தா நிக்கும்.

மேடையில ஒரே ஒரு நடிகர், ஓலஃப் ஹொய்கோர். அந்த அறிக்கையை உள்ள வாங்கி வாங்கி அந்த ஆளாவே மாறப் பாக்குறார், பாக்குற நமக்கு இவர் எங்க முடியுறார் அவன் எங்க ஆரம்பிக்கிறான்னு புரியக்கூடாது, அதான் விஷயம். அறிக்கை 1500 பக்கம், நிறைய அங்க இங்க சுட்டு ஒட்டினது, இதுல தன்னைத் தானே பேட்டி வேற எடுத்துக்கிட்டிருக்கான். கேள்வியும் அவனே பதிலும் அவனே! இதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. ஏன்னா இந்தப் பக்கத்துக் கேள்வியெல்லாம் நீங்களே எழுதிக்கிறதுதானேன்னு எனக்கு அடிக்கடி லெட்டர் வரும். இல்லைங்க, நானே எழுதினா எனக்கு பதில் தெரிஞ்ச கேள்வியா எழுத மாட்டேனா, கும்பகோணத்துல இருந்து டென்மார்க்கையா இழுப்பேன்? உங்க லெட்டர் மேசையிலதான் இருக்கு, வேணும்னா வந்து பாக்கலாம்.

பரபரப்புதான் லோலிக்கே தொழில்னா அப்புறம் அவரோட "ஈ ஃபோலிங்" நாடகத்தை என்ன பண்றது? 2014ல ஆப்கானிஸ்தான்ல அடிபட்டு வந்த நிஜ சிப்பாய்களையும் ராயல் டேனிஷ் பாலே ஆளுங்களையும் ஒரே மேடையில விட்டார். கால் போன சிப்பாயும் அதுல உண்டு, பக்கத்துல காலே சொத்தா வச்சிருக்கிற டான்ஸர். இதுல மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அந்த இடத்துல அழுறது ரொம்ப சுலபம், நாடகம் அந்த சுலபத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுத்திருச்சோன்னு.

டேனிஷ்காரங்களுக்கு இந்த வாய் புதுசு இல்ல. 1770லயே ஸ்ட்ரூயென்சேன்னு ஒரு டாக்டர், பைத்தியம் பிடிச்ச ராஜாவுக்கு வைத்தியம் பாக்க வந்தவர், ராஜ்ஜியத்தையே கையில எடுத்து தணிக்கையை ஒழிச்சார். உலகத்துலயே முதல் தடவைம்பாங்க. கிடைச்ச சுதந்திரத்துல ஜனங்க முதல்ல என்ன எழுதினாங்க? அந்த டாக்டருக்கும் ராணிக்கும் என்ன கசமுசான்னுதான். பொறுக்க முடியாம அடுத்த வருஷமே அவரே எழுத்துக்குத் திரும்பக் கட்டுப்பாடு போட்டார், 1772ல அவரோட வலது கையை வெட்டிட்டு தலையையும் வெட்டினாங்க. கையை ஏன் தனியா வெட்டணும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

இப்பவும் அப்படித்தான், 2017ல மத நிந்தனைச் சட்டத்தைத் தூக்கினாங்க, 2023 டிசம்பர்ல மத நூலை பொது இடத்துல எரிக்கிறது கிழிக்கிறதுக்குத் தடைன்னு இன்னொன்னு கொண்டு வந்தாங்க. பெரிய கலைப்படைப்புக்குள்ள சின்ன பகுதியா வந்தா பரவாயில்லையாம். எவ்வளவு சின்னதுன்னு அளக்க ஸ்கேலோட முதல் வரிசையில யாரை உக்கார வைப்பாங்களோ, லோலிக்கே அவருக்கும் ஒரு வசனம் எழுதிருவார்.