பழைய ஸ்பீட் ரிக்கெற் இருந்தால் அமெரிக்காவில் சிடிஎல் எடுக்கலாமா?

கேள்வி: தம்பி அமெரிக்காவில் கார் ஓடுகிறார். மூன்று வருடத்துக்குள் வேகத்துக்காக இரண்டு ரிக்கெற். ஒன்றுக்குக் காசு கட்டிவிட்டார், மற்றது வேறு மாநிலத்தில் எழுதினது, என்ன ஆனதென்று அவருக்கே தெரியாது. இப்ப ட்ரக் ஓடத் தேவையான சிடிஎல் என்ற லைசென்ஸுக்குப் படிக்கப் போகிறாராம். கிளிநொச்சியில் இருந்து நாங்கள்தான் நகையை அடகு வைத்துக் காசு அனுப்ப வேண்டும். லைசென்ஸ் கிடைக்காமல் போகுமா?

பதில்:

நகையை அடகு வைக்க முதல் அந்த இரண்டாவது ரிக்கெற்றைத் தேடச் சொல்லுங்கள். காசு கட்டி முடித்த பழைய ரிக்கெற் சிடிஎல்லை மறிக்காது. பதில் சொல்லாமல் விட்ட ரிக்கெற் மறிக்கும்.

அங்கே ஒரு ரிக்கெற்றுக்குக் காசும் கட்டாமல் கோர்ட்டுக்கும் போகாமல் விட்டால், பெரும்பாலான மாநிலங்கள் லைசென்ஸை இடைநிறுத்தச் சொல்லி அவருடைய சொந்த மாநிலத்துக்கு அறிவிக்கும். அறிவித்தல் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும், வீடு மாறினவருக்கு எதுவும் தெரியாது. வழமைபோலக் கார் ஓடிக்கொண்டிருப்பார். சிடிஎல்லுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அலுவலகம் நாடு முழுவதுக்குமான பதிவேட்டையும், கடந்த 10 வருடத்தில் அவர் லைசென்ஸ் வைத்திருந்த எல்லா மாநிலங்களின் பதிவையும் பார்க்கும். எங்கேயாவது 'சஸ்பெண்ட்' என்று கிடந்தால், அதைத் தீர்த்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். தீர்ப்பது பெரிய வேலை இல்லை: ரிக்கெற் எழுதிய கோர்ட்டில் கணக்கை முடித்து, லைசென்ஸை மீளப் பெறும் கட்டணத்தையும் கட்டி, பதிவு சரியாகும்வரை காத்திருக்க வேண்டும். இதைப் பள்ளிக்கூடக் காசு கட்டின பிறகு கண்டுபிடிப்பதுதான் நட்டம்.

எங்கள் ஆட்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இன்னொன்று இருக்கிறது. இங்கே ஏ9 வீதியில் மாங்குளத்திலோ கனகராயன்குளத்திலோ பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதினால், லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு தாள் தருவார்கள். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசென்ஸைத் திருப்பி எடுத்தால் அலுவல் முடிந்தது. நாள் பிந்தினால் இரண்டு மடங்கு, 28 நாளும் தாண்டினால் கோர்ட். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் ரிக்கெற் கிடைத்த மறுநாளே ஒன்லைனில் காசைக் கட்டிவிட்டு இருந்துவிடுவார்கள். அங்கே தண்டத்தைக் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. கட்டினால் அது குற்றத் தீர்ப்பாகப் பதிவில் ஏறும். கார் ஓடும் ஆளுக்கு இதனால் இன்சூரன்ஸ் கூடும், அவ்வளவுதான். ட்ரக் ஓடும் ஆளுக்கு அது தொழிலையே தொடும். அதனால் இனி எந்த ரிக்கெற் வந்தாலும் உடனே கட்ட வேண்டாம். தாளில் உள்ள பதில் சொல்லும் திகதிக்கு முன் போக்குவரத்து வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இனி சட்டம். அமெரிக்க மத்திய அரசின் விதியில் 'பாரதூரமான மீறல்' என்று ஒரு பட்டியல் உண்டு. வேக எல்லையை விட மணிக்கு 15 மைல் அல்லது அதற்கு மேல் ஓடுவது அதில் ஒன்று. எங்கள் கணக்கில் ஏறத்தாழ 24 கிலோமீற்றர். முன்வாகனத்தை ஒட்டி ஓடுவது, தாறுமாறாக லேன் மாறுவது, ட்ரக் ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடிப்பது எல்லாம் அதே பட்டியல்தான். மூன்று வருடத்துக்குள் வெவ்வேறு சம்பவங்களில் இப்படி இரண்டு தீர்ப்பு வந்தால் 60 நாள் ட்ரக் ஓட முடியாது. மூன்று வந்தால் 120 நாள். அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை, பல கொம்பனிகள் திரும்பவும் எடுக்காது.

தம்பிக்கு ஆறுதலான விசயம், இந்தக் கணக்கு சிடிஎல்லோ அதற்கு முந்திய பழகுநர் அனுமதியோ கையில் வந்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முன்னர் சொந்தக் காரில் வாங்கியது 60 நாள் கணக்கில் சேராது. சிடிஎல் எடுத்த பிறகு சொந்தக் காரில் வாங்குவது, அதனால் லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டால் மட்டும் சேரும்.

15 என்ற எண்ணை நன்றாக மனதில் வைக்க வேண்டும். எல்லை 70 என்ற வீதியில் 84இல் போனால் சாதாரண மீறல், 85 என்றால் பாரதூரம். கலிபோர்னியாவில் இது இன்னும் சிக்கல். அங்கே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுள்ள ட்ரக்குக்கு எல்லை 55 மைல், பக்கத்தில் ஓடும் காருக்கு 65 அல்லது 70. கார்களோடு சேர்ந்து 70இல் போகிறேன், எல்லாரும் அப்படித்தானே என்று நினைக்கிற ட்ரக் சாரதி எல்லையை விடச் சரியாக 15 மைல் கூட ஓடுகிறார்.

கார் லைசென்ஸ்காரருக்குப் பல மாநிலங்களில் ஒரு வழி இருக்கிறது: ட்ராஃபிக் ஸ்கூல் என்ற வகுப்புக்குப் போனால் ரிக்கெற் பதிவில் ஏறாமல் போகும். சிடிஎல் வைத்திருப்பவருக்கு அந்த வழியை மத்திய விதி அடைத்துவிட்டது. சொந்தக் காரில் வாங்கியதைக்கூட எந்த மாநிலமும் மறைத்துக் கொடுக்க முடியாது. ஆகவே தம்பியின் இரண்டாவது ரிக்கெற் இன்னும் தீர்ப்பாகாமல் இருந்தால், பழகுநர் அனுமதி எடுக்க முதலே அந்தக் கோர்ட்டில் வகுப்புக்கு இடமுண்டா என்று கேட்பது புத்தி.

லைசென்ஸ் கிடைப்பது ஒன்று, வேலை கிடைப்பது வேறொன்று. பழைய ரிக்கெற் உண்மையில் கடிக்கிற இடம் வேலைதான். ஆளை எடுக்கும் கொம்பனி கடந்த 3 வருட ஓட்டப் பதிவை மாநிலத்திடம் எடுத்தே ஆகவேண்டும், பிறகும் வருடத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். எத்தனை ரிக்கெற் வரை எடுப்போம் என்று சட்டம் சொல்லவில்லை. கொம்பனியின் இன்சூரன்ஸ்தான் தீர்மானிக்கும். ஒரு இடம் இரண்டோடு எடுக்கும், அடுத்த இடம் ஒன்றுக்கே கையை விரிக்கும். விண்ணப்பத்தில் 3 வருட மீறல்களையும் எழுதச் சொல்லி இருக்கும். மறைத்தால் அவர்கள் கையிலேயே பதிவு இருக்கிறது, பொய் சொன்ன ஆள் என்று விலக்குவார்கள். சிடிஎல் விண்ணப்பத்திலேயே பொய் சொன்னால் குறைந்தது 60 நாள் தடை தனியாக வரும்.

வேலை கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். எந்த வாகனத்தில் வாங்கினாலும், பார்க்கிங் தவிர்ந்த ஒவ்வொரு தீர்ப்பையும் 30 நாளுக்குள் கொம்பனிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். லைசென்ஸ் இடைநிறுத்தம் என்றால் அறிவித்தல் கிடைத்ததற்கு அடுத்த வேலை நாள் முடிய முதல். வீதியோரச் சோதனையில் ரிக்கெற் இல்லாமல் எச்சரிக்கையோடு விட்டாலும், அறிக்கையில் எழுதினால் அடுத்த கொம்பனி அதை 3 வருடம் பார்க்கலாம்.

இலங்கையில் வாங்கிய தண்டம் எதுவும் அங்கே போகாது, இரண்டு பதிவுகளுக்கும் தொடர்பில்லை. அதேபோல இங்கே டிப்பர் ஓடிய அனுபவமும் லைசென்ஸ் கணக்கில் வராது. 2022 பெப்ரவரியில் இருந்து புதிதாக எடுப்பவர் பதிவு பெற்ற பள்ளிக்கூடத்தில் பயிற்சி முடித்தால்தான் ஓட்டப் பரீட்சைக்கே போகலாம்.

இப்ப தம்பி செய்ய வேண்டியது: தான் லைசென்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலத்திலும் தன் ஓட்டப் பதிவை எடுக்க வேண்டும், சொற்பக் கட்டணம்தான். அந்தத் தாளில் முதலில் 'ஸ்ரேற்றஸ்' என்ற இடம், அங்கே 'வலிட்' (செல்லுபடியாகும்) என்று இருக்க வேண்டும். பிறகு பதிவில் ஏறிய ரிக்கெற்றுக்கு வழமையாக இரண்டு திகதி இருக்கும்: மீறிய நாள், தீர்ப்பு வந்த நாள். இரண்டாவது திகதி காலியாக இருந்தாலோ, அந்த ரிக்கெற்றே தாளில் இல்லாவிட்டாலோ வழக்கு இன்னும் திறந்திருக்கலாம், கோர்ட்டுக்கு எடுத்துக் கேட்க வேண்டும். அந்தத் தாளோடு மூன்று நான்கு கொம்பனிகளுக்கு விண்ணப்பித்து, 'ப்ரீ ஹையர் லெற்றர்' தருவீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். படித்து முடித்தால் எடுக்க யோசிக்கிறோம் என்ற கடிதம் அது. வேலை உறுதி என்று அர்த்தமில்லை, ஆனால் அந்த இரண்டு ரிக்கெற்றோடு கதவு திறக்குமா என்று காட்டும்.

கடிதம் வந்த பிறகு பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் 'ட்ரெயினிங் ப்ரொவைடர் ரெஜிஸ்ட்ரி' என்ற, பதிவு பெற்ற பள்ளிக்கூடங்களின் இணையப் பட்டியலில் நீங்களே கிளிநொச்சியில் இருந்து போனில் தேடலாம். பெயர் அதில் இருந்தால் மட்டும் காசை அனுப்புங்கள்.