உங்கள் கை வேகத்துக்கு ஏற்ற அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் எது?

கேள்வி: டிஸ்க் கால்ஃபில் (தட்டை வீசிக் கூடையில் விழவைக்கும் விளையாட்டு) வலது கையால் பேக்ஹேண்ட் வீசுகிறேன், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து. நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்ச் டிஸ்க் 200 அடி போகும். கையில் இருப்பது இன்னோவா நிறுவனத்தின் ரோக்3. எப்படி வீசினாலும் கடைசியில் இடதுபுறம் வெட்டிக்கொண்டு மரங்களுக்குள் போய்விடுகிறது. நேராகப் போக அண்டர்ஸ்டேபிள் டிஸ்க், அதாவது வேகத்தில் வலப்பக்கம் திரும்பக்கூடியது, வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: ரோக்3-இன் எண்கள் 5, 4, 0, 3. முறையே ஸ்பீடு (வேகம்), கிளைடு (மிதப்பு), டர்ன் (வேகத்தில் திரும்பல்), ஃபேட் (கடைசிச் சாய்வு). டர்ன் 0 என்றால் வேகமாகப் போகும்போது அது வலப்பக்கம் சாயவே சாயாது. ஃபேட் 3 என்றால் வேகம் குறைந்ததும் இடப்பக்கம் நன்றாகவே இறங்கும். நல்ல டிஸ்க்தான், ஆனால் 200 அடி வீசும் கைக்கு அது இடது பக்கம் மட்டுமே போகும்.

கடைக்குப் போகும் முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். டிஸ்க் பறக்கும்போது அதன் மூக்கு, அதாவது முன்விளிம்பு, மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருக்கிறதா? பக்கவாட்டில் நின்று யாரையாவது காணொளி எடுக்கச் சொல்லுங்கள். மேலே ஏறி, நின்று, பிறகு இடப்பக்கம் விழுந்தால் கோளாறு மூக்கில்தான். மூக்கு தூக்கி வீசினால் எவ்வளவு அண்டர்ஸ்டேபிளான டிஸ்க்கும் இடப்பக்கம்தான் விழும். புது டிஸ்க் அதைச் சரிசெய்யாது. சாவியைப் பூட்டில் திருப்புவதுபோல, உள்ளங்கை மேல்நோக்கும் திசையில் மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் மூக்கு இறங்கும்.

மூக்கு சரியாக இருந்தும் இடப்பக்கம் போகிறது என்றால், டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

டர்ன் எண் கழித்தல் பக்கம் போகப் போக டிஸ்க் வலப்பக்கம் அதிகம் திரும்பும். ஆனால் டிஸ்க்கில் அச்சிட்ட அந்த எண், அதற்குரிய வேகத்தில் வீசினால்தான் பொருந்தும். வேகம் குறைந்த கையில் −1 என்பது 0 போலவே நடந்துகொள்ளும். ஆகவே 200 அடி வீசுகிறவர் −3 பக்கம் பார்ப்பதே சரி: இன்னோவாவின் ஸ்டிங்ரே (4, 5, −3, 1), வெஸ்ட்சைடின் துர்சாஸ் (5, 5, −3, 1). 250 அடியைத் தாண்டியவருக்கு −2 போதும்: டிஸ்கிராஃப்டின் பஸ் எஸ்எஸ், இன்னோவாவின் பேந்தர், இரண்டுமே 5, 4, −2, 1. லாட்டிட்யூட் 64-இன் ஃப்யூஸ் (5, 6, −1, 0) நேராக மிதந்து போகும் அருமையான டிஸ்க். ஆனால் கிளைடு 6 என்பதால் கூடையைத் தாண்டிப் போய்விடும். முதல் டிஸ்க்காக அதைச் சொல்லமாட்டேன். உங்களுக்கு ஸ்டிங்ரே.

எடையும் பிளாஸ்டிக்கும் அந்த எண்களை மாற்றிவிடும். ஒரே வார்ப்பில் 165 கிராம் டிஸ்க், 178 கிராமைவிட எளிதாக வலப்பக்கம் திரும்பும். காற்றிலும் அதிகம் அலைக்கழியும். 170 முதல் 175 வரை எடுங்கள். இன்னோவாவின் டிஎக்ஸ் போன்ற மலிவான பிளாஸ்டிக், மரத்தில் அடிபட அடிபட மேலும் அண்டர்ஸ்டேபிள் ஆகிவிடும். சாம்பியன், ஸ்டார் வகைகள் நெடுநாள் தாங்கும்; புதிதில் கொஞ்சம் பிடிவாதமாகவும் இருக்கும். உங்கள் வேகத்துக்கு டிஎக்ஸ் முதல் நாளே ஒத்துழைக்கும் என்பதால், விலை குறைவு என்பதையும் சேர்த்து, அதையே பரிந்துரைக்கிறேன். ஒரே பெயருள்ள இரண்டு டிஸ்க்குகளைக் கடையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: விளிம்பில் ஓடும் வார்ப்புக் கோடு தாழ்வாக இருப்பது பெரும்பாலும் அதிகம் திரும்பும்.

வாங்கியபின் திறந்த மைதானத்தில் பத்து முறை டிஸ்க்கைச் சாய்க்காமல் சமமாக வீசுங்கள். மிதமான வேகத்தில் நேராகப் போய், கடைசியில் லேசாக இடப்பக்கம் சாய்ந்தால் தேர்வு சரி. முழு வேகத்திலும் சமமாக வீசி வலப்பக்கம் புரண்டு தரையில் உருண்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். வீசும்போதே டிஸ்க் தள்ளாடினால், விடும் நொடியில் மணிக்கட்டு உருள்கிறது; அதுதான் குற்றவாளி. தள்ளாட்டமே இல்லாமல் புரண்டால் உங்கள் கை அந்த டிஸ்க்கை மிஞ்சிவிட்டது.

அப்போதும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். இடப்பக்க விளிம்பைப் பத்துப் பதினைந்து பாகை தாழ்த்தி வீசுங்கள். அது தானாக நிமிர்ந்து சமமாகி நேராக ஓடும். ஹைசர் ஃப்ளிப் என்பது இதுதான். மரங்களுக்கிடையே குறுகலான பாதையில் இதைவிட நம்பகமான வீச்சு வேறில்லை. அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச் வாங்குவதற்கே இது ஒன்று போதும்.

எதிர்காற்றில் மட்டும் இதை எடுக்காதீர்கள். எதிர்காற்று டிஸ்க்குக்கு வேகம் கூடியதுபோல ஆக்கி, மேலும் வலப்பக்கம் புரட்டிவிடும். அந்த நாட்களுக்குத்தான் உங்கள் பழைய ரோக்3, அதை விற்றுவிடாதீர்கள்.