கருவறைக்குள் வெள்ளம் புகுந்தால் பரிகாரம் என்ன?

கேள்வி: தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். சென்ற மழையில் அம்மன் கோயில் கருவறைக்குள் இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. கொடை (அம்மனுக்கு ஊர் எடுக்கும் திருவிழா) தள்ளிப்போனதால் அம்மனுக்குக் கோபம், ஒன்றரை லட்சத்தில் ஹோமம் செய்யாவிட்டால் உயிர்ப்பலி என்கிறார் பிரசன்னம் பார்த்துக் குறி சொன்னவர். வீட்டுக்கு 2,000 ரூபாய் வரி. கொடுக்கலாமா?

பதில்: ஹோமத்துக்குக் கொடுக்காதீர்கள்.

தெய்வக் கோபத்தால் அழிவு வரும் என்று நம் நூல்களில் இல்லையா என்றால், இருக்கிறது. இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. மக்களின் தவறால் தேவர்கள் மனம் வெறுத்து உற்பாதங்களை, அதாவது கெட்ட சகுனங்களைக் காட்டுகிறார்கள் என்று 6-ஆம் நூற்றாண்டு ஜோதிட அறிஞர் வராகமிகிரரும் பிருகத் சம்ஹிதையில் எழுதினார். ஆனால் அங்கே சாந்தி (பரிகாரச் சடங்கு) செய்யும் பொறுப்பு அரசனுடையது, அதுவும் நாட்டுக்காக. வீட்டுக்கு வீடு ரசீது போடும் பேச்சே கிடையாது. ‘எனக்குப் பகைவனும் இல்லை, வேண்டியவனும் இல்லை’ என்று கீதை (9:29) சொல்வதையும் இப்படிப் பயமுறுத்திப் பணம் கேட்பவர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

திருவிளையாடலில் வைகை பெருகியது சிவன் செயல் என்றே புராணம் சொல்கிறது. அப்போதும் பாண்டியன் என்ன உத்தரவு போட்டான்? வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும். வந்தி என்ற பிட்டு விற்கும் கிழவிக்கு ஆளில்லாமல்தான் இறைவனே கூடை தூக்க வந்தார். அர்த்தசாஸ்திரமும் அப்படித்தான். பௌர்ணமி, அமாவாசை போன்ற பர்வ நாளில் ஆற்றுக்குப் பூசை செய் என்கிற அதே இடத்தில், மழைக்காலத்தில் கரையோரத்தார் மேட்டுக்குப் போகட்டும், மூங்கில், பலகை, ஓடம் தயாராக இருக்கட்டும் என்கிறது. வெள்ளத்தில் போகிறவனைச் சுரைக்குடுக்கை கொண்டாவது காப்பாற்றாதவனுக்கு 12 பணம் அபராதம்.

திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் முழுகும். உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்து, வடிந்ததும் சேறு அள்ளிப் பூசையைத் தொடர்கிறார்கள். முருகனுக்குக் கோபம் என்று அங்கே யாரும் உண்டியல் குலுக்குவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சேறு காய்வதற்குள் அள்ளி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கறை போக ஆசிட் ஊற்றாதீர்கள், கல் அரித்துவிடும். பிறகு புண்ணியாகவாசனம் (மந்திர நீரால் இடத்தைச் சுத்தி செய்வது), பஞ்சகவ்யம் தெளித்துச் சம்ப்ரோட்சணம் (புனிதப்படுத்துதல்), அபிஷேகம். உங்கள் கோயில் அர்ச்சகரே ஒரு நாளில் முடித்துவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சிலையும் பீடமும் சேரும் இடத்தை அர்ச்சகரை வைத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே சிலையைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்து இருக்கும். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டும் சேர்த்து இடித்தது. தண்ணீரில் ஊறி அது விரிந்திருக்கலாம். அபிஷேகத் தண்ணீர் வழிந்து ஓடாமல் இடுக்கில் இறங்கினால் மருந்து விட்டுவிட்டது என்று அர்த்தம். சிலையை ஆட்டிப் பார்க்க வேண்டாம், ஸ்தபதியைக் கூப்பிடுங்கள். பாலாலயம் (தெய்வ சக்தியைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றும் சடங்கு) செய்து, மருந்தை இடித்துப் புதிதாகச் சாத்த வேண்டும். சிமெண்ட் பூசிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த முறை மருந்து சாத்தும்போது சிமெண்டைக் கொத்தி எடுக்க வேண்டிவரும், உளி பட்டு பீடமே தெறிக்கும். சிலையில் கை, கால், தலை போன்ற அங்கம் உடைந்திருந்தால் கதை வேறு, புதுச்சிலைதான். ஆபரண முனை, நகம் மாதிரி சிறு சேதத்துக்கெல்லாம் அம்மனை மாற்றச் சொல்பவர், சிலை விற்பவரோடு பேசி வைத்தவராக இருப்பார்.

கோயில் அறநிலையத் துறையில் இருந்தால் பாலாலயத்துக்கு அனுமதி வேண்டும். கோப்பு மேசை விட்டு மேசை நகர்வதற்குள் அடுத்த ஐப்பசி வந்துவிடும், அதனால் சேறு அள்ளும்போதே புகைப்படத்தோடு மனுக் கொடுங்கள்.

கொடை தள்ளிப்போயிருந்தால் வழக்கப்படி நடத்துங்கள். அது ஊர்க்கடன், அபராதம் இல்லை. உயிர்ப்பலி என்று பயமுறுத்துகிறவரிடம், தொகைக்கு எந்தெந்தப் பொருள் எத்தனை கிலோ, ஆசாரியர் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு தட்சிணை என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு வரமாட்டார்.

ஏற்கெனவே வசூலான பணம் இருந்தால், ஊர்க்கூட்டம் போட்டு, தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்த இடத்தைப் போய்ப் பார்த்து, அதை அடைக்கச் செலவிடுங்கள். கரை நீர்வளத் துறையுடையது என்றால் அங்கேயும் ஒரு மனு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.