பிரியாணி டப்பாவில் குட்டிக்கீரை: கேட்டவர்களுக்கு என் பதில்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில் மைக்ரோகிரீன்ஸ் என்கிற குட்டிக்கீரை வளர்க்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் வடசென்னையின் பல பகுதிகளிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன.

தண்டையார்பேட்டை: அக்கா, முளைகட்டிய பயறும் இதுவும் ஒன்றுதானே?

இல்லைம்மா. முளைப்பயறை வேரோடு முழுசாகச் சாப்பிடுகிறோம். இது விதைத்து, விதையிலை விரிந்து பச்சை பிடித்ததும், 7 முதல் 14 நாளுக்குள் வேரை விட்டுவிட்டுத் தண்டோடு கத்தரிப்பது.

வியாசர்பாடி: ஹவுசிங் போர்டு வீடு, ஒரே ஜன்னல். முடியுமா?

தாராளமாக. வெந்தயத்தில் ஆரம்பியுங்கள். பிரியாணி பார்சல் டப்பாவின் அடியில் சூடான ஆணியால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். தேங்காய் நார்த்தூளை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டு (உப்பு இருக்கும்), இரண்டு விரல் உயரத்துக்கு நிரப்புங்கள். ராத்திரி ஊறவைத்த இரண்டு ஸ்பூன் வெந்தயத்தை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். மேலே தூள் வேண்டாம். இன்னொரு டப்பாவை அப்படியே மேலே வைத்து, அதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கனத்துக்கு வையுங்கள். அந்த அழுத்தத்தில்தான் வேர் கீழே இறங்கிப் பிடிக்கும்.

மூன்றாம் நாள் திறந்தால் எல்லாம் மஞ்சளாகக் கூன் போட்டு நிற்கும். பயந்து கொட்டிவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால் நிமிர்ந்து பச்சையாகிவிடும். அப்புறம் மேலே தண்ணீர் ஊற்றாமல், தட்டில் கொஞ்சம் ஊற்றி அதில் டப்பாவைப் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் போதும். போர் தண்ணீர் உப்பென்றால் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள், அரை டம்ளர்தானே. உரம் தேவையில்லை. லாரித் தூசி அடிக்கிற தெரு என்றால் ஜன்னலுக்கு உள்பக்கமே வைத்து, கழுவிச் சாப்பிடுங்கள். வெட்டிய வெந்தயம் மறுபடி துளிர்க்காது, அடுத்த டப்பாவைப் போட வேண்டியதுதான்.

திருவொற்றியூர்: வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி. பூஞ்சையா?

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மறைந்தால் அது வேர்த்தூவி (வேரிலுள்ள மெல்லிய முடி), நல்லதுதான். மறையாமல் சிலந்தி வலை போலத் தண்டுகளுக்கிடையே படர்ந்து, மக்கல் வாடை வந்தால் குப்பையில் போடுங்கள். ஐப்பசி மழையில் எனக்கும் வரும். விதையைக் குறைத்து, ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்தால் அடங்கும்.

புளியந்தோப்பு: எந்த விதை, எங்கே வாங்குவது?

அஞ்சறைப்பெட்டியே போதும்: வெந்தயம், கடுகு, பச்சைப்பயறு. கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போடணும். இரண்டு வாரத்துக்கு மேலும் காக்க வைக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் கொத்தவால்சாவடி மளிகைக் கடைகள் இருக்கின்றன. காய்கறி மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனாலும் மளிகை அங்கேதான். வயலில் விதைக்கிற விதை மட்டும் வேண்டாம். ஒரு கடையில் முள்ளங்கி விதை வாங்கி ஊறவைத்தேன், தண்ணீர் ரோஸ் மில்க் மாதிரி ஆனது. பூஞ்சைக்கொல்லி பூசிய விதை!

சோள நாற்றும் ஆகாது, அதில் சயனைடு உண்டாகும். ராஜ்மா, தக்காளி, கத்தரி, மிளகாய் முளைகளும் வேண்டாம்.

பெரம்பூர்: 40 மடங்கு சத்து என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் அந்நாட்டு வேளாண் துறையும் 25 வகைகளைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். முற்றிய இலையைவிடச் சில வைட்டமின்கள் 4 முதல் 40 மடங்கு வரை இருந்தன. ஆனால் அது எடைக்கு எடை கணக்கு, வகைக்கு வகை மாறும். நாம் தின்பதோ ஒரு பிடி. ரத்தசோகை என்றால் இதை நம்பி முருங்கைக்கீரையை நிறுத்திவிடாதீர்கள். இது தொட்டுக்கொள்கிற சத்து, சோறு ஆகாது.

கொருக்குப்பேட்டை: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மாத்திரை வார்ஃபரின் வகையென்றால், பச்சைக் கீரையிலுள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். கர்ப்பிணிகளும் பச்சையாக வேண்டாம், வேகவைத்துச் சாப்பிடட்டும்.

காசிமேடு: பையன் வாயில் வைக்கமாட்டேன் என்கிறான் அக்கா!

வெறுமனே கொடுத்தால் நானும் தின்னமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) பிசையுங்கள். வெங்காயம், முட்டைக்கோஸ், எலுமிச்சை, புளித்தண்ணீர் எல்லாம் போட்டபிறகு கடைசியில் ஒரு பிடி கடுகுக்கீரை. அந்தக் காரல் பூண்டு எண்ணெயோடு சேர்ந்தால் தெரியவே தெரியாது. நெத்திலி வறுவல் மேலும் தூவலாம், அடுப்பை அணைத்த பிறகு; வைட்டமின் சி சூட்டில் போய்விடும். வெந்தயக்கீரையை மட்டும் முதல் நாளே காட்டாதீர்கள், கசப்பு.