280 சதுர அடியில் இருவர்: மிகச் சிறிய வீடு உங்களுக்குப் பொருந்துமா?

கேள்வி: எனக்கு 38 வயது, கணவருக்கு 44. குழந்தைகள் இல்லை. நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். அன்றாடம் இரண்டு மூன்று முறை தொலைபேசியில் நீண்ட நேரம் பேசவேண்டி வரும். கணவருக்கு ஷிப்ட் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில்தான் தூங்குவார். இப்போது 850 சதுர அடி வாடகை வீட்டில் இருக்கிறோம். அதை விட்டுவிட்டு 280 சதுர அடியில் ஒரே கூடமாக, படுப்பதற்கு மேலே பரண் வைத்து, சொந்தமாக ஒரு சிறிய வீடு கட்டிக்கொள்ள நினைக்கிறோம். பொருள்களைக் குறைத்துக்கொள்ள இருவருக்கும் சம்மதம். மாமியார் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து சில வாரங்கள் தங்குவார். இது எங்களுக்குச் சரிப்பட்டு வருமா?

பதில்: நீங்கள் சொல்லும் அமைப்பிலேயே கட்டினால் சரிப்பட்டு வராது. நான் தயங்குவது 280 சதுர அடியைப் பார்த்து அல்ல, ‘ஒரே கூடம்’ என்ற சொல்லைப் பார்த்து. அதே பரப்பில், இழுத்து மூடக்கூடிய கதவோடு ஓர் அறை இருந்தால் என் பதில் மாறும்.

சிறிய வீடு கட்டித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் அநேகமாகப் பொருள்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அலமாரி எங்கே போகும், புத்தகங்களை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அது தீர்க்கக்கூடிய கவலை. வேண்டாததைக் கொடுத்துவிடலாம், கட்டிலுக்கு அடியிலும் படிக்கட்டுக்கு உள்ளேயும் பெட்டிகள் செய்யலாம். ஆறு மாதத்தில் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் பேச வேண்டியிருப்பது. ஒருவருக்கு விளக்கு தேவைப்படும் நேரத்தில் இன்னொருவருக்கு இருட்டு தேவைப்படுவது. மிகச் சிறிய வீட்டில் இருவர் வாழ முடியுமா என்பதை அவர்களுடைய சாமான்களைவிட அவர்களுடைய கடிகாரங்களே தீர்மானிக்கின்றன. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் வெளியே போய், ஒரே நேரத்தில் படுக்கிறவர்கள் என்றால் 200 சதுர அடிகூடப் போதும். உங்கள் வீட்டில் கடிகாரங்கள் எதிரெதிராக ஓடுகின்றன.

ஒரு தாளை எடுத்து, காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரியுங்கள். கணவரின் இரவு வேலை நாள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அவர் என்ன செய்கிறார், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று இரண்டு வரிசையில் எழுதுங்கள். ஒருவருக்கு அமைதியோ இருட்டோ வேண்டியிருக்க, மற்றவர் சத்தமோ வெளிச்சமோ எழுப்பியாக வேண்டிய கட்டங்களை வட்டமிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை உங்கள் தாள் வட்டங்களால் நிறைந்திருக்கும். பகலில் ஆறு மணி நேரம், மாதத்தில் பதினைந்து நாள். அத்தனை நேரமும் நீங்கள் கிசுகிசுத்துப் பேச வேண்டும் அல்லது அவர் அரைத் தூக்கத்தில் கிடக்க வேண்டும். எவ்வளவு அன்பான தம்பதியும் இதை ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். வீடு செய்ய வேண்டிய வேலையை உங்கள் பொறுமையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

மிகச் சிறிய வீட்டுக்கு எடுத்துக்காட்டாகக் கட்டடக் கலைஞர்கள் அடிக்கடி காட்டுவது, இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1952இல் பிரான்சின் தென்கடற்கரையில் தனக்காகக் கட்டிக்கொண்ட மரக் குடிலை. பக்கத்துக்கு 3.66 மீட்டர் கொண்ட சதுரம், ஏறத்தாழ 144 சதுர அடி. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதில் சமையலறை கிடையாது. ஒட்டினாற்போல் இருந்த உணவு விடுதியில்தான் அவர் சாப்பிட்டார், குடிலிலிருந்து அதற்குள் நேரே போக ஒரு கதவும் இருந்தது. அது விடுமுறைக்குத் தங்கும் இடம்தான், ஆண்டு முழுவதும் வாழ்ந்த வீடு அல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: இரண்டு ஆண்டுகளுக்குள் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்று சற்றுத் தள்ளி ஒரு தனிக் கொட்டகையை வைத்துக்கொண்டார். அந்த 144 சதுர அடியைத் தாங்கி நிறுத்தியவை வெளியே இருந்த சமையலறையும் வெளியே இருந்த வேலையிடமும்தான். உங்களுக்கு அப்படி வெளியே என்ன இருக்கிறது? நடந்துபோகும் தூரத்தில் நூலகம் உண்டா, வாடகைக்கு ஒரு மேசை கிடைக்குமா, ஆண்டின் பெரும்பகுதி உட்காரக்கூடிய திண்ணையோ மர நிழலோ உண்டா? இதற்கான பதில், வீட்டின் சதுர அடியோடு சேர்த்து எண்ண வேண்டிய இடம்.

‘எவ்வளவு சிறியது மிகச் சிறியது?’ என்பதற்கு நாடுகள் வெவ்வேறு கணக்கு வைத்திருக்கின்றன. ஜப்பானின் வீட்டுவசதிக் கொள்கையில் குறைந்தபட்ச அளவு தனி ஆளுக்கு 25 சதுர மீட்டர். அதற்கு மேல், ஆளுக்குப் பத்து என்று பெருக்கி அதோடு பத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள், இருவருக்கு 30 சதுர மீட்டர். இங்கிலாந்தில் 2015இல் வெளியான அளவுகோல் ஒருவருக்கு 37, இருவருக்கு 50 என்கிறது. உங்கள் 280 சதுர அடி 26 சதுர மீட்டர்தான். ஜப்பானியக் கணக்குக்கே சற்றுக் குறைவு. இந்த எண்கள் சட்டம்போல் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் எல்லைக்கு மிக அருகில் நிற்கிறீர்கள் என்பதைக் காட்டுகின்றன. எல்லையில் கட்டும்போது வரைபடத்தில் ஒரு தவறுக்குக்கூட இடமில்லை.

இனி அந்தக் கதவு. தரைமட்டத்தில் ஒன்பது அடிக்கு ஏழு அடியில் ஓர் அறை போதும், இருவர் படுக்கும் கட்டில் அடங்கும். 63 சதுர அடி போய்விடுகிறதே என்று தோன்றும். போகட்டும். திரைச்சீலை ஒளியை மறைக்கும், பேச்சுச் சத்தத்தை மறைக்காது. மெல்லிய பிளைவுட் தடுப்பும் அப்படித்தான். சத்தத்தை நிறுத்துவது எடையும் இடைவெளியின்மையும். உள்ளே வெற்றிடமில்லாத கனமான கதவு, நான்கு பக்கமும் ரப்பர் பட்டை, அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இரு பக்கமும் பலகை அடித்து உள்ளே கம்பளிப் பஞ்சு நிரப்பிய சுவர், அந்தச் சுவரை ஒட்டித் துணி அடுக்கிய அலமாரி. இவ்வளவும் சேர்ந்தால் கூடத்தில் நீங்கள் சாதாரணக் குரலில் பேசலாம். இடம் மிச்சமாகும் என்று பலர் ஸ்லைடிங் கதவைக் கேட்கிறார்கள். அது விளிம்புகளில் ஒட்டி மூடாது, ஒலி ஒழுகிவிடும். கீல் கதவு திறக்கத் தரையில் இரண்டரை அடி வளைவு வீணாகும் என்றாலும், உங்களுக்கு நான் அதையே சொல்வேன்.

கதவை இப்படி இறுக மூடினால் அடுத்த சிக்கல் காற்று. தூங்குகிற ஒருவர் மணிக்குச் சுமார் 13 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நான் சொன்ன அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 15 கன மீட்டர். காற்றே புகாமல் அடைத்தால் ஒரு மணி நேரத்தில் அந்த வாயு பத்து லட்சத்தில் 870 பங்கு கூடும். வெளிக்காற்றிலேயே 420 பங்குக்கு மேல் இருக்கிறது. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டினாலே அறை அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் தலை கனக்கிறது என்று சிறிய அறைவாசிகள் சொல்வதற்கு இது ஒரு காரணம். கதவின் அடியில் இடைவெளி விட்டால் காற்று வரும், கூடவே உங்கள் குரலும் வரும். அதனால் வெளிச்சுவரில் கீழே ஒரு காற்று நுழைவாயும், எதிர்ப்பக்கம் மேலே சத்தமில்லாத சிறிய எக்ஸாஸ்ட் ஃபேனும் வையுங்கள். ஓர் ஆளுக்கு மணிக்கு 25 முதல் 30 கன மீட்டர் புதிய காற்று என்பதுதான் வழக்கமான கணக்கு.

ஈரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிறிய வீடுகளை நான் பார்த்தவரை கெடுப்பது அதுதான். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். உங்கள் வீட்டின் மொத்தக் காற்று சுமார் 65 கன மீட்டர். அதாவது வீடு முழுவதும் உள்ள காற்றும் சேர்ந்து ஒன்றரை லிட்டர் நீரைத்தான் சுமக்க முடியும். ஒருமுறை துவைத்த துணிகளை உள்ளே கொடியில் போட்டால் அதிலிருந்து மட்டும் இரண்டு லிட்டர் வரை ஆவியாகும். பிறகு மூச்சு, குளியல், சமையல். இப்போது நீங்கள் இருக்கும் வீட்டில் காற்றின் கொள்ளளவு இதைப்போல் மூன்று மடங்கு, ஆகவே அங்கே இந்தக் கணக்கு உங்கள் கண்ணில் பட்டிருக்காது. சிறிய வீட்டில் மிஞ்சிய நீர் சுவரில் படியும், அலமாரியின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். துணி உலர்த்த மேற்கூரையுடன் வெளியே ஓர் இடம் இல்லாமல் இந்த வீட்டைத் தொடங்க வேண்டாம். அலமாரிகளைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

பரணில் படுக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. சூடான காற்று மேலே ஏறும், பகலில் கூரையும் காயும். பகலில் தூங்குகிற மனிதரை அங்கே படுக்க வைப்பது சரியில்லை. நிமிர்ந்து உட்காரவே மெத்தைக்கு மேல் ஒரு மீட்டர் வேண்டும். நடு இரவில் ஏணியில் இறங்குவது 44 வயதில் பெரிய காரியமில்லை, ஆனால் வீடு உங்களோடு சேர்ந்து முப்பது ஆண்டு இருக்கும். தீப்பிடித்தால் புகை முதலில் நிறைவதும் பரணில்தான். அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதிகளில் 2018இல் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென ஒரு பின்னிணைப்பு சேர்த்தபோது, படுக்கும் பரணிலிருந்து தப்பிப்பதற்கான திறப்புக்கு அதில் தனியாக விதி வகுத்தார்கள். நீங்களும் அதை விட்டுவிடாதீர்கள். பரண் இருக்கட்டும், பெட்டிகளுக்கும் எப்போதாவது படுப்பதற்கும் பயன்படட்டும். ஏணிக்குப் பதில் கைப்பிடியுள்ள படிக்கட்டு வையுங்கள்.

மாமியார் வரும் வாரங்களில் கீழறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இருவரும் மேலே படுக்கலாம். ஆனால் அந்த வாரங்களில் கணவருக்கு இரவு வேலை இருக்கக் கூடாது. இதை மாமியாரிடம் முன்கூட்டியே மனம்விட்டுச் சொல்லுங்கள். தேதியைச் சேர்ந்து குறிப்பது விருந்தோம்பலில் குறை ஆகாது.

பகலில் மடித்து வைக்கும் கட்டிலை நம்ப வேண்டாம். நாளுக்கு இரண்டு முறை மடிக்க வேண்டிய எதுவும் ஒரு மாதத்தில் விரித்தபடியே கிடக்கும். உங்கள் இடத்தின் கட்டட விதிகளில் குறைந்தபட்ச அறை அளவும் கூரை உயரமும் எவ்வளவு என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சக்கரத்தின் மேல் கட்டும் வீடு பல நாடுகளில் வாகனமாகவே கருதப்படுகிறது, கடனும் காப்பீடும் அதற்கேற்ப மாறும்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். இப்போதைய வீட்டின் கூடத்திலும் அதை ஒட்டிய ஓர் அறையிலுமாகத் தரையில் ஒட்டும் டேப்பால் 210 சதுர அடிக்கு எல்லை போடுங்கள். மீதி 70 சமையலுக்கும் குளியலுக்கும். மற்ற அறைகளைப் பூட்டிச் சாவியை ஒரு நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். இரவு வேலை வாரம் ஒன்றாவது உள்ளே வரும்படி மூன்று வாரம் வாழுங்கள். முதல் பத்து நாள் கதவைத் திறந்தே வையுங்கள், பிறகு மூடிப் பாருங்கள்.

அந்த மூன்று வாரமும் இருவரும் தனித்தனிக் குறிப்பேடு வைத்து, அடக்கிக்கொண்டவற்றை மட்டும் எழுதுங்கள். பேச நினைத்துப் பேசாமல் விட்டது, விளக்கைப் போடாமல் இருட்டில் தேடியது, இருமலை அடக்கியது, அழ நினைத்து வெளியே நடந்துபோனது. கடைசி நாள் வரை ஒருவர் மற்றவருடையதைப் பார்க்க வேண்டாம், பார்த்தால் விட்டுக்கொடுத்து எழுதத் தொடங்கிவிடுவீர்கள். ஒருமுறை மட்டும் வந்த குறிப்புகளைப் பொருட்படுத்தாதீர்கள், அவை புது இடத்தின் கூச்சம். ஒரே குறிப்பு வேலை நாள்தோறும் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அது போகாது. கதவை மூடிய நாள்களில் அது நின்றுவிட்டதா என்று பாருங்கள். நின்றிருந்தால் 280 சதுர அடியிலேயே, கதவோடு, தைரியமாகக் கட்டுங்கள். நிற்கவில்லை என்றால் இன்னும் 40 சதுர அடி சேர்த்து உங்கள் மேசைக்கும் ஒரு தனி மூலை கொடுங்கள், அல்லது வெளியே வேலைக்கென்று ஒரு சிறிய அறையைத் தனியே எழுப்பிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு குறிப்பேடுகளையும் வரைபடத்தோடு எனக்கு அனுப்பினால், கதவு எந்தச் சுவரில் வர வேண்டும் என்பதையும் குறித்துத் தருகிறேன்.