பழைய போர்டு கேட்டுப் படியேறும் முன்

தங்கம் எடுப்பதற்காகப் பழைய போர்டுகளை, அதாவது மின்சுற்றுப் பலகைகளை, சேகரிக்க இறங்கியிருக்கிறேன். அலுவலகம் அலுவலகமாகப் போய் "பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா" என்று கேட்கிறேன். வரவேற்பறையைத் தாண்ட முடியவில்லை. யாரைப் பார்ப்பது?

வரவேற்பறையில் இருப்பவருக்கு ஓர் உடைந்த கீபோர்டைத் தரும் அதிகாரம்கூடக் கிடையாது. கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர் யார் என்று விசாரியுங்கள். செத்துப்போன சர்வரும் நெட்வொர்க் ஸ்விட்சும் அடைந்துகிடக்கும் அறையின் சாவி அவரிடம்தான் இருக்கும். அந்த அறை அவருக்குத் தீராத தலைவலி. "எனக்குக் கொடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஒரே நாளில் அறையைக் காலி செய்கிறேன், எடுத்த ஒவ்வொன்றுக்கும் பட்டியல் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலி போடுவார். அதன் பிறகும் வாரக்கணக்கில் இழுக்கலாம். உடைந்த பொருளும் சொத்துப் பதிவேட்டில் உயிரோடுதான் இருக்கும்; கணக்குப் பிரிவு அதை நீக்கும்வரை வாசலைத் தாண்டாது.

புதிதாக இறங்குபவர் பெரிய நிறுவனங்களைக் கொஞ்ச காலம் மறந்துவிடலாம் என்பது என் கட்சி. செல்போன், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சிறிய கடைகளுக்குப் போங்கள். முடிவெடுக்கிற முதலாளியே எதிரில் உட்கார்ந்திருப்பார், காலடியில் ஒரு பெட்டி நிறையச் செத்த போர்டுகள் கிடக்கும். ஒரு காலிப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். சொன்ன தேதியில் போய் எடுங்கள். இரண்டு முறை தேதி தவறினால் அந்தப் பெட்டி வேறொருவருக்குப் போய்விடும்.

பெரிய இடங்களை அணுக நேரம் பார்க்க வேண்டும். அலுவலகம் இடம் மாறும்போதும், கருவிகளை மொத்தமாக மாற்றும்போதும்தான் கதவு திறக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கம்ப்யூட்டர்களை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்பதே பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு.

தங்கம் எடுக்கத்தான் என்று சொன்னால் விலையை ஏற்றிவிடுவார்களே?

கேட்டால் மறைக்காதீர்கள். நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மவுஸ்கூட நகையாகத் தெரியும். அப்படிக் கண் விரிகிறவர்களுக்கு நான் டோக்கியோ கணக்கைச் சொல்வேன். 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 முதல் இரண்டு ஆண்டுகள் ஜப்பான் முழுக்கச் சேர்த்த சிறு மின்கருவிகள் ஏறத்தாழ 79,000 டன். அதோடு 62 லட்சம் செல்போன்கள். பதக்கங்களுக்குக் கிடைத்த தங்கம் சுமார் 32 கிலோ. டன்னுக்கு அரை கிராம்கூடத் தேறவில்லை!

இந்தக் கணக்கு உங்களுக்கும் பாடம்தான். கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளாதீர்கள். ராம், பிராசசர், நெட்வொர்க் கார்டு, தங்க முலாம் பூசிய கனெக்டர், செல்போன் போர்டு ஆகியவற்றில்தான் சரக்கு. பவர் சப்ளையில் இருப்பது பெரும்பாலும் செம்பும் அலுமினியமும் இரும்பும்.

ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்கப் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது. சாதாரணமாக ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்க முடியும். "நீங்களே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நம்பிக்கை வந்த பிறகு, அவர்கள் கண்ணெதிரே டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டில் படும்படி துளையிட்டு, வரிசை எண்ணைக் குறித்துக் கொடுத்தால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள். எஸ்எஸ்டி (தட்டு இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) என்றால் ஒரு துளை போதாது, உள்ளே உள்ள சிப்புகள் ஒவ்வொன்றும் உடைய வேண்டும்.

மானிட்டர், பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள்.

எதை எடுப்பீர்கள் என்று முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். பழைய படக்குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம், பழைய எல்சிடியின் விளக்குக்குழாயில் பாதரசம். உப்பிய லித்தியம் பேட்டரி வண்டியிலேயே தீப்பற்றலாம். முறையாக வாங்கும் மறுசுழற்சியாளர் கைவசம் இல்லையென்றால் இவற்றைத் தொடாதீர்கள்.

அமிலம் வாங்கி வீட்டிலேயே தங்கத்தைப் பிரித்தால் லாபம் கூடுமா?

வேண்டாம். நைட்ரிக் அமிலத்தில் உலோகம் கரையும்போது எழும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. சுவாசித்த அன்று லேசான இருமலோடு போய்விட்டதுபோல் இருக்கும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். மிஞ்சும் கரைசலை எங்கே ஊற்றுவீர்கள்? போர்டுகளைக் கழற்றி, வகைப்படுத்தி, எடை போட்டு, தங்கத்தைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்பாளருக்கு விற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவரிடம் குறைந்தபட்ச எடை எவ்வளவு, மாதிரி எடுத்துச் சோதிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கலாமா என்ற இரண்டையும் சரக்கை இறக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.