வீட்டிலும் பரபக்கமா?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 42. பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தத்துவத் துறை உதவிப் பேராசிரியர். வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளமும் இங்கிலீஷும். மனைவிக்குப் பொள்ளாச்சியில் வேலை. மகள் ஏழாம் வகுப்பு.

ஆய்விதழுக்கு அனுப்பிய ஒரு கட்டுரைக்கு, 'திருத்தி மீண்டும் அனுப்புக' என்று 8 மாதம் முன்பு பதில் வந்தது. மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். இரண்டாமவர் மட்டும் 4 பக்கம் எழுதியிருக்கிறார். அந்தக் கோப்பைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஒரு பத்தி எழுதினால் மூன்று மறுப்பு எனக்கே தோன்றி, அழித்துவிடுகிறேன். இந்த மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்தாலும் அதே மறுப்புகள்தான்.

"எது சொன்னாலும் விதண்டாவாதம்" என்கிறாள் மனைவி. போன வாரம் மகள், "எங்க டீச்சருக்கு என்னைப் பிடிக்கலப்பா" என்றாள். "எத வெச்சு அப்படிச் சொல்ற?" என்றேன். எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு பள்ளிக்கூடக் கதை எதுவும் என்னிடம் வருவதில்லை. இந்தப் படிப்புதான் என்னைக் கெடுத்துவிட்டதா? வேலையை விட்டுவிடலாமா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சார்,

மனைவி கோபத்தில் சொன்னது உங்கள் துறையின் சொல்தான். பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிப்பது உங்களுக்குத் தெரியும்: உண்மையைத் தேடிப் பேசினால் வாதம், ஜெயிக்கப் பேசினால் ஜல்பம், தன் பக்கம் என்று ஒன்றை நிறுத்தாமல் எதிராளியை உடைத்துக்கொண்டே போனால் விதண்டை. உங்கள் கட்டுரையிடமும் மகளிடமும் நடந்துகொண்டிருப்பது அந்த மூன்றாவது. அருள்நந்தி சிவாச்சாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் (பிறர் கொள்கையை மறுக்கும் பகுதி) கடவுளை ஏற்காத உலகாயதம் தொடங்கி 14 மதங்களை மறுத்தார். மறுத்த கையோடு சுபக்கத்துக்கு, அதாவது தன் கொள்கையைச் சொல்லும் பகுதிக்கு, போய்விட்டார். பதினைந்தாவதாக ஒருவர் வந்து கேள்வி கேட்பாரோ என்று உட்கார்ந்திருக்கவில்லை.

இன்றைக்கே பதிப்பாசிரியருக்கு மூன்று வரி எழுதுங்கள்: கட்டுரை எண், திருத்தம் நடக்கிறது, 6 வாரம் கூடுதலாக வேண்டும். கெடுவுக்கு முன்பே கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். தாண்டிவிட்டால் புதுக் கட்டுரையாகக் கணக்கு வைத்து முதலிலிருந்து தொடங்கும் ஆபத்து உண்டு. காரணம் சொல்லிக் கதை எழுத வேண்டாம்.

அடுத்து அந்த 4 பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு குறைக்கும் ஓரத்தில் எண் போடுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து. அவருக்குப் புரியாமல் போனது என்றால் 'பு' (தப்பு அநேகமாக உங்கள் வாக்கியத்தில்). இன்னொரு நூலைப் பார்க்கச் சொன்னால் 'நூ'. அஸ்திவாரத்தையே அசைக்கும் மறுப்பு என்றால் 'அ'. 'அ' நீங்கள் பயப்படும் அளவுக்குத் தேறாது. 'பு'வையும் 'நூ'வையும் முதலில் முடித்தால் கோப்பைத் திறக்கும் பயம் பாதி போய்விடும். 'அ' ஒவ்வொன்றுக்கும் 2 பத்தி, அவ்வளவுதான். ஏற்க முடியாததை ஏற்க வேண்டியதில்லை. 'இதை மாற்றவில்லை, காரணம் இது' என்று பதில் கடிதத்தில் எழுதலாம். இரண்டு மதிப்பீட்டாளரும் எதிரெதிராகக் கேட்டிருந்தால், யார் பக்கம் போனீர்கள் என்று பதிப்பாசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். பலரும் கட்டுரையை முழுக்கத் திருத்திவிட்டுக் கடைசியில்தான் அந்தக் கடிதத்தை எழுதுவார்கள். அதற்குள் மதிப்பீட்டாளர் கேட்டது எது, நாமாகச் சேர்த்தது எது என்பதே குழம்பிவிடும். கடிதத்தை முதலில் எழுதுங்கள்.

நேரம்? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உங்களுக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் விடைத்தாள். வாதம் எப்படிப் போகிறது என்று கூடவே போய்ப் பார்த்துத்தான் தத்துவத்தில் மார்க் போட முடியும். தாளுக்கு 12 நிமிடம் என்றாலும் 60 தாளுக்கு 12 மணி நேரம். 'ஒரு நாள் முழுசாகக் கிடைக்கட்டும்' என்று இருந்தால் ஓணம் லீவு வரை நடக்காது (ஓணத்துக்கும் விருந்தாளி வருவார்கள்). வாரம் 4 காலை, பஸ்ஸுக்கு முன் 45 நிமிடம் வையுங்கள். முதல் 30 நிமிடம் எதையும் அழிக்கக் கூடாது. தோன்றும் மறுப்பைத் தனித்தாளில் குறித்து, கடைசி 15 நிமிடத்தில் பாருங்கள்.

3 மணி விழிப்புக்கும் அதே தாள்தான். ஒரு வரி எழுதி, பக்கத்தில் 'செவ்வாய் காலை' என்று போடுங்கள். 20 நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் செருகினால் திரும்பி வந்து படுக்கலாம். படுத்தபடியே யோசித்தால், கட்டில் யோசிக்கிற இடமாகப் பழகிவிடும். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

மகள் அன்று அடிபட்ட இடத்தைக் காட்டினாள். நீங்கள் பிரமாணம் (ஆதாரம்) கேட்டீர்கள். "அன்னிக்கு அப்பா கேட்டது சரியில்ல" என்று ஒரே வரி சொல்லிவிடுங்கள், விளக்கம் வேண்டாம். இனி அவள் எதையாவது சொல்ல வந்தால் உங்கள் முதல் இரண்டு வாக்கியத்தில் 'ஏன்', 'எப்படி', 'எத வெச்சு' மூன்றுக்கும் இடமில்லை. அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள்: "டீச்சருக்குப் பிடிக்கலன்னு தோணுதா?" பிறகு மனதுக்குள் பத்து எண்ணும் வரை சும்மா இருங்கள், உங்களுக்கு அதுதான் கஷ்டம். அப்புறம், "அப்பா ஏதாச்சும் பண்ணணுமா, கேட்டா மட்டும் போதுமா?" ஆரம்பத்தில் நாடகம் மாதிரி இருக்கும். "என்னப்பா ஆச்சு உனக்கு?" என்று அவளே சிரிப்பாள். அப்போது முறையை விளக்க உட்கார்ந்துவிட்டால் அதுவும் ஒரு வகுப்பாகிவிடும்.

மனைவியோடு ஓர் ஒப்பந்தம்: அவர் 'விதண்டை' என்றதும், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும்.

ஒன்றைக் கேட்காமல் விடக் கூடாது. எதிலும் பிடிப்பில்லாமல், பசியில்லாமல், மனம் சோர்ந்தே 2 வாரத்துக்கு மேல் தினமும் போகிறதா? செத்தால் தேவலை என்று தோன்றுகிறதா? ஆம் என்றால் மேலே சொன்னதெல்லாம் அப்புறம். முதலில் மனநல மருத்துவர். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் எந்த நேரமும் பேசலாம்.

வேலையை விடுவதைப் பற்றிக் கட்டுரை திரும்பப் போன பிறகு எழுதுங்கள். இப்போது முடிவெடுப்பது நீங்களா, அந்த இரண்டாம் மதிப்பீட்டாளரா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.